நெருப்புக்குக் கணக்குப்பிள்ளை

ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் எஃகுத் தகடு. அதன் ஒரு பக்கத்தில் நெருப்பு எரிகிறது. மறு பக்கத்தில் 180 டிகிரி உஷ்ணத்தில் தண்ணீர் கொதிக்கிறது. தண்ணீர் இருக்கும் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு உப்பு படிந்து பொருக்குக் கட்டியிருக்கிறது. நெருப்புப் பக்கத்தில் தகட்டின் உஷ்ணம் என்ன?

"கதையும் துணுக்கும் படிக்க வந்த இடத்தில் கணக்கு வாத்தியார் பிரம்போடு நிற்கிறாரே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் பென்சிலைத் தேட வேண்டாம். விடையை நானே சொல்லிவிடுகிறேன். கப்பல் எஞ்சினியராக ஆசைப்படும் இளைஞர்கள் எழுதும் பரீட்சைகளில் இந்த ஜாதிக் கணக்குகள் தவறாமல் வரும். 'தெர்மோடைனமிக்ஸ்' என்று அதற்கு வாய் நிறையப் பெயர். தமிழில் வெப்ப இயக்கவியல் என்கிறோம். சென்னையிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இரவெல்லாம் கண் விழித்து இதைப் போட்டுப் பழகுகிறார்கள்.

கடலில் போகிறவனுக்கு இந்தக் கணக்கு எதற்கு? கப்பல் ஓடுவது நெருப்பினால். உலக நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சரக்கில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. அத்தனையையும் இழுத்துக்கொண்டு போவது கப்பலின் அடிவயிற்றில் எரிகிற நெருப்பு. நடுக்கடலில் பட்டறை கிடையாது. தீயணைக்க மணி அடித்துக்கொண்டு வண்டி வராது. அந்த நெருப்பு கொடுக்கிற உஷ்ணம் எவ்வளவு, அதில் வேலைக்குப் போனது எவ்வளவு, வீணானது எவ்வளவு, தங்கியது எங்கே என்று ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கப்பல் எஞ்சினியர் என்பவர் நெருப்புக்குக் கணக்குப்பிள்ளை. மற்றக் கணக்குப்பிள்ளைகள் தவறினால் பணம் போகும். இவர் தவறினால் பணமும் போகும், சில சமயம் உயிரும் போகும்.

அடுப்பங்கரைப் பாடம்

இயந்திர அறைக்குள் இறங்குவதற்கு முன் உங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கு ஒரு நடை போய் வருவோம்.

ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைக்கிறீர்கள். வைக்கும்போது 30 டிகிரி. கொதி வரும்போது 100 டிகிரி. இதற்கு அது வாங்கிக்கொண்ட உஷ்ணம் 70 கிலோ கலோரி. அதற்கு மேலும் அடுப்பை எரியவிட்டால் தண்ணீர் 101 டிகிரிக்கு ஏறுவதில்லை. உஷ்ணமானியை விட்டுப் பார்த்தால் அதே 100 டிகிரிதான். தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்து கடைசியில் பாத்திரம் வற்றிவிடுகிறது. அப்படி முழுதும் ஆவியாவதற்குள் அது விழுங்கும் உஷ்ணம் 540 கிலோ கலோரி! கொதி வருவதற்கு ஆன செலவைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு.

இவ்வளவும் எங்கே போயிற்று? ஆவிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால், வெந்நீர் பட்டதைவிட மோசமாகப் பொத்துப்போகிறதே, ஏன் தெரியுமா? ஆவி தோலில் பட்டு மறுபடி தண்ணீராகும்போது, ஒளித்துவைத்திருந்த 540-ஐயும் அந்த இடத்திலேயே கக்கிவிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் கொடுக்காமல் மூடிவைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் உஷ்ணமும் ஏறும். பிரஷர் குக்கருக்குள் 120 டிகிரி வரை போவதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. வெளிக்காற்றைப்போல் பத்து மடங்கு அழுத்தமுள்ள கப்பல் கொதிகலனில் தண்ணீர் 180 டிகிரியில் கொதிக்கும். நம்முடைய கணக்கில் வந்த 180 டிகிரி அதுதான்.

இரண்டு மில்லிமீட்டர்

இப்போது விடைக்கு வருவோம். தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 கிலோவாட் உஷ்ணம் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவு எதுவும் இல்லாத சுத்தமான தகடானால், தண்ணீருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பத்து டிகிரி வித்தியாசம். தகட்டைத் தாண்ட 24 டிகிரி. ஆக, நெருப்புப் பக்கத்தில் 214 டிகிரி. எஃகுக்கு இது ஒரு சூடே அல்ல.

படிவு இருந்தால்? எஃகு கடத்தும் உஷ்ணத்தில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உப்புப் படிவு கடத்தும். இரண்டு மில்லிமீட்டர் படிவு என்பது, உஷ்ணத்தின் கண்ணுக்குப் பத்துச் சென்டிமீட்டர் கனமுள்ள எஃகுச் சுவர்! அதைத் தாண்ட மட்டும் 200 டிகிரி வேண்டும். ஆகவே நெருப்புப் பக்கத்தில் தகட்டின் உஷ்ணம் 414 டிகிரி.

சாதாரணக் கொதிகலன் எஃகு 400 டிகிரியைத் தாண்டினால் மெல்ல மெல்லப் பலம் இழக்கத் தொடங்கும். உள்ளே ஆவி அழுத்திக்கொண்டே இருக்க, தகடு பூரி உப்புவதுபோல் வெளியே புடைக்கும். ஒரு நாள் வெடிக்கும். தண்ணீரின் உஷ்ணமானி என்னவோ அதே 180 டிகிரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஆபத்து தண்ணீரில் இல்லை, தகட்டில் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் போட்ட கணக்குத்தான் எஞ்சினியருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இது வெறும் பரீட்சைக்காகச் சோடித்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1865-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்த சமயம். சிறையிலிருந்து விடுபட்ட போர்வீரர்கள் வீடு திரும்ப மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் காத்திருந்தார்கள். 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பல் வந்து நின்றது. அதில் 376 பேர் ஏறலாம் என்பது சட்டம். ஏறியவர்களோ இரண்டாயிரத்துக்கும் அதிகம்! ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுத்ததால் கப்பல்காரருக்கு ஆசை.

விக்ஸ்பர்க் துறையில் நிற்கும்போதே கொதிகலன் ஒன்று கசிந்தது, தகடு புடைத்திருந்தது. முழுதாகப் பழுது பார்க்க நாளாகும். அதற்குள் கூட்டம் வேறு கப்பலுக்குப் போய்விடும். ஆகவே, பழைய தகட்டைவிட மெல்லியதான ஓர் ஒட்டுத் தகட்டைப் புடைப்பின்மேல் தைத்துவிட்டுக் கப்பலை விட்டார்கள். ஏப்ரல் 27-ஆம் தேதி, இருள் பிரியாத நேரம். மெம்பிஸ் நகரைத் தாண்டிச் சில மைல் போனதும் நான்கு கொதிகலன்களில் மூன்று வெடித்தன. தீயிலும் வெள்ளத்திலுமாக மாண்டவர்கள் ஆயிரத்து நூறு பேருக்கு மேல். ஒட்டுத் தகடு, தண்ணீர் மட்டம் குறைந்தது, கப்பல் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. பிற்கால எஞ்சினியர்கள் அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: ஆற்றின் கலங்கல் தண்ணீரை அப்படியே கொதிகலனில் விட்டதால் உள்ளே படிந்திருந்த சேறு.

இன்றைக்குக் கொதிகலனில் கடல் நீரையோ ஆற்று நீரையோ விடுவதில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு, அதையும் அடிக்கடி பரீட்சை செய்து, மருந்து கலந்து, அடியில் தேங்கும் உப்புத் தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றுகிறார்கள். டாக்டர் ரத்தம் சோதிப்பதுபோல் எஞ்சினியர் தண்ணீரைச் சோதிக்கிறார்.

மூடிய குழாய்

உஷ்ணத்துக்குப் போக வழி வேண்டும். இந்தப் பாடத்தைப் படித்தது, அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய கப்பலாக இருந்த 'கிரேட் ஈஸ்டர்ன்'. இங்கிலாந்தின் பெயர்பெற்ற எஞ்சினியர் புரூனெல் கட்டியது. நீளம் 692 அடி, புகைபோக்கிகள் ஐந்து.

அந்தப் புகைபோக்கிகளில் இரண்டு, பிரயாணிகளின் அலங்கார மண்டபங்களின் வழியாக மேலே போயின. மண்டபம் சூடாகாமல் இருக்க அவற்றைச் சுற்றி ஒரு தண்ணீர் உறை போட்டார்கள். புகையின் சூட்டில் அந்தத் தண்ணீர் காயும், காய்ந்த தண்ணீர் கொதிகலனுக்குப் போகும், எரிபொருள் மிச்சம். நல்ல யோசனைதான். ஆவி சேர்ந்தால் போக ஒரு திறந்த குழாயும் இருந்தது.

1859-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி, வெள்ளோட்டத்தின்போது அந்தக் குழாயின் அடைப்பு மூடியபடி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உறைக்குள் ஆவி சேர்ந்துகொண்டே வந்தது. வெயிட் அடைத்துக்கொண்ட குக்கரை நினைத்துப் பாருங்கள்; அது ஒரு கப்பலின் அளவுக்கு இருந்தால்? புகைபோக்கி வானில் பறந்தது. அலங்கார மண்டபம் தூளாயிற்று. பிரயாணிகள் சற்று முன்புதான் அங்கிருந்து எழுந்து போயிருந்தார்கள்; அவர்கள் தப்பினார்கள். கீழே உலைக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் தப்பவில்லை. ஆவி வெந்து அவர்களில் சிலர் இறந்தார்கள். பக்கவாதத்தால் படுக்கையிலிருந்த புரூனெல், அடுத்த வாரத்துக்குள் கண்ணை மூடினார்.

மிச்சம் பிடிக்கப் போட்ட உறையே எமனாக வந்தது. உஷ்ணத்தைச் சேமிக்கலாம், அடைத்துவைத்து மறந்துவிடக் கூடாது.

அவசரப்பட்டால்

இதெல்லாம் தாத்தா காலத்துச் சமாசாரம் என்கிறீர்களா? 2003-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதிக்கு வாருங்கள். 'நார்வே' என்ற உல்லாசக் கப்பல் அமெரிக்காவின் மியாமித் துறைமுகத்தில் வந்து கட்டியிருந்தது. 1962-ல் 'பிரான்ஸ்' என்ற பெயரோடு பயணம் தொடங்கிய கப்பல் அது. காலை வேளையில் அதன் கொதிகலன் ஒன்று வெடித்தது. பிரயாணிகளுக்குக் காயமில்லை, கப்பல் ஊழியர்கள் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள்.

விசாரணை செய்த அமெரிக்கப் பாதுகாப்பு வாரியம், கொதிகலனை இயக்கியதிலும் பராமரித்ததிலும் சோதித்ததிலும் இருந்த குறைகளைக் காரணமாகச் சொன்னது. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: கொதிகலனை வேகமாகச் சூடாக்குவது, வேகமாக ஆறவைப்பது. இப்படிப் பல வருஷம் நடந்ததில், பற்றவைத்த இடத்தில் விரிசல் கண்டு வளர்ந்துவிட்டது.

வேகமாகச் சூடாக்கினால் என்ன கெட்டுவிடும்? இதற்கும் ஒரு சின்னக் கணக்கு. எஃகு 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர் நீளும். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் இருக்கும் பாகம் இன்னும் சூடேறாமல், 'நீளவிடமாட்டேன்' என்று பிடித்துக்கொண்டால், அந்த இடத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 2,400 கிலோ பாரம் ஏறும்! சாதாரண எஃகு விளைந்துகொடுக்கத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய அதுவே. சூடான கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் படீர் என்று விரிகிறதே, அதே சங்கதி. கண்ணாடி உடனே சொல்லிவிடுகிறது. எஃகு பொறுத்துப் பொறுத்துப் பிறகு ஒரு நாள் சொல்கிறது. 'மெதுவாகச் சூடாக்கு, மெதுவாக ஆறவிடு' என்று எஞ்சினியர்கள் மந்திரம்போல் சொல்வது இதனால்தான். அந்தப் பெரிய கப்பல் 2006-ல் நம் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து, அங்கே உடைபட்டது.

நூறு ரூபாயின் கதை

உயிர்க் கணக்கைப் பார்த்தோம். இனிப் பணக் கணக்கு.

ஒரு கிலோ கப்பல் எண்ணெய்க்குள் சுமார் 9,600 கிலோ கலோரி உஷ்ணம் இருக்கிறது. நூற்றுமுப்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். நூறு ரூபாய்க்கு எண்ணெய் எரித்தால், அதில் எத்தனை ரூபாய் கப்பலைத் தள்ளப் போகிறது?

ஸாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர், 1824-ல், தம்முடைய 28-ஆம் வயதில், இந்தக் கேள்விக்கு ஒரு சிறு புத்தகத்தில் வழி காட்டினார். அருவியில் தண்ணீர் மேலிருந்து கீழே விழும்போது சக்கரத்தைச் சுற்றுகிறது; விழும் உயரம் எவ்வளவோ அவ்வளவு வேலை. உஷ்ணமும் அப்படித்தான்: சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை செய்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் இயந்திரத்தின் எல்லையை நிர்ணயிக்கிறது. 180 டிகிரி ஆவியை 40 டிகிரிக்கு ஆறவிடும் இயந்திரம், தேவலோகத்துத் தச்சன் வந்து செய்தாலும் நூற்றுக்கு 31 ரூபாய்க்குமேல் தராது! கார்னோ 36 வயதில் காலராவில் மாண்டார். அவர் சொன்னதன் அருமை பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது.

அதைப் பிடித்துக்கொண்டவர் ருடால்ஃப் டீஸல். மாணவராக இருந்தபோது மியூனிக்கில் பேராசிரியர் லிண்டேயின் வகுப்பில், நீராவி இயந்திரங்கள் நூற்றுக்குப் பத்துப் பங்கு உஷ்ணத்தைக்கூட வேலையாக்குவதில்லை என்று கேட்டார். மனத்தில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. காற்றை வெகுவாக அழுத்தினால் அது தானே சூடேறும். அதில் எண்ணெயைத் தெளித்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கொதிகலனும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். 1897-ல் அவருடைய இயந்திரம் நூற்றுக்கு 25-க்குமேல் கொடுத்தது. 1912-ல் 'ஸெலாண்டியா' என்ற டேனிஷ் கப்பல் டீஸல் இயந்திரத்தோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டது. உயர்ந்த புகைபோக்கி இல்லாத கப்பலைப் பார்த்துத் துறைமுகங்களில் ஜனங்கள் வியந்தார்கள். அடுத்த வருஷமே, 1913 செப்டம்பரில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டீஸல் இரவோடு இரவாகக் காணாமல் போனார். கப்பல்களுக்குப் புது உயிர் கொடுத்தவரைக் கடலே வாங்கிக்கொண்டது.

இன்றைய பெரிய கப்பல்களில் இருப்பது அவருடைய இயந்திரத்தின் பேரப்பிள்ளைதான். 2006-ல் 'எம்மா மேர்ஸ்க்' என்ற சரக்குக் கப்பலில் வைத்த இயந்திரம் 2,300 டன் எடை; லட்சம் குதிரைகளுக்குமேல் சக்தி. ஆனால் சுற்றுவதோ நிமிஷத்துக்கு நூறு சுற்றுத்தான். உங்கள் வீட்டு மின்விசிறி அதைவிட வேகமாகச் சுற்றும்!

இந்த வகை இயந்திரத்தில் நூறு ரூபாயின் வரவுசெலவு சுமாராக இப்படி: கப்பலைத் தள்ளுவதற்கு ஐம்பது. புகையோடு போவது இருபத்தைந்து. உள்ளே இழுக்கும் காற்றைக் குளிரவைப்பதில் பதினைந்து. மீதிப் பத்து, இயந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரிலும் எண்ணெயிலும்.

போன காசைத் திருப்புவது

நல்ல குடித்தனக்காரி சாதம் வடித்த கஞ்சியைக் கீழே கொட்டமாட்டாள் அல்லவா? எஞ்சினியரும் அப்படித்தான்.

புகைபோக்கியில் குழாய்களை வைத்து, போகிற சூட்டில் நீராவி தயாரிக்கிறார். அந்த ஆவி எதற்கு? கப்பலில் எரியும் கனத்த எண்ணெய், மார்கழி மாதத்து நெய்யைப்போல் இறுகிக் கிடக்கும். இயந்திரத்துக்குள் தெளிக்க வேண்டுமானால் 130 டிகிரிக்கு மேல் காய்ச்சி இளக்க வேண்டும். எண்ணெயின் புகையே எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்துவிடுகிறது.

இயந்திரத்தைச் சுற்றி ஓடி வரும் தண்ணீர் 80 டிகிரிச் சூட்டோடு திரும்புகிறது. அதில் என்ன செய்யலாம்? குடிநீர் செய்யலாம்! 80 டிகிரியில் கடல் நீர் கொதிக்குமா என்று கேட்பீர்கள். ஊட்டி மலைமேல் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் சதி செய்கிறது. ஒரு பாத்திரத்திலிருந்து காற்றை நன்றாக உறிஞ்சிவிட்டால், அதற்குள் கடல் நீர் 45 டிகிரியிலேயே கொதிக்கும். உப்பைக் கீழே விட்டுவிட்டு மேலே வரும் ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். நாள் ஒன்றுக்கு இருபது முப்பது டன் இப்படிக் கிடைக்கிறது. வீணாகக் கடலில் போயிருக்க வேண்டிய சூடு, மாலுமியின் தாகத்தைத் தணிக்கிறது.

இங்கேயும் கணக்குத் தவறக் கூடாது. இன்னும் மிச்சம் பிடிக்கலாம் என்று புகையை அளவுக்குமேல் குளிரவைத்தால், அதிலுள்ள கந்தகம் அமிலமாகப் படிந்து குழாய்களை அரிக்கும். குழாய்மேல் கரி படிந்தாலோ, அது தடுப்பாக இருப்பதோடு நில்லாமல் ஒரு நாள் தானே பற்றி எரியும். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது எங்கே என்று கணக்குத்தான் சொல்லும்.

இப்போது கப்பல்களில் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. பல கப்பல்களில் இரவு நேரத்தில் இயந்திர அறையில் ஆளே இருப்பதில்லை. ஏதாவது கோளாறென்றால் எஞ்சினியர் படுத்திருக்கும் அறையில் மணி அடிக்கும். கருவி ஓர் எண்ணைத்தான் காட்டும். அந்த எண் ஏன் நேற்றைவிட நான்கு டிகிரி ஏறியிருக்கிறது, எந்தக் குழாயில் என்ன படிந்திருக்கிறது, எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியது மனிதன். அதற்காகத்தான் இன்றும் பரீட்சையில் அந்த எஃகுத் தகடும் இரண்டு மில்லிமீட்டர் படிவும் வந்துகொண்டே இருக்கின்றன.

உங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீரா? அப்படியானால் வெந்நீர் போடும் மின்சாரக் கம்பியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். கம்பி அடிக்கடி எரிந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்: சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கம்பியிலேயே தங்கிவிடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்து, கம்பி நன்றாக ஆறிய பிறகு, புளிக்கரைசல் தடவி ஊறவிட்டுத் தேய்த்துவிடுங்கள். அப்படிச் செய்யும்போது, எங்கேயோ கடலின் நடுவில் 45 டிகிரிப் புழுக்கத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.